பதினான்காம் நாள் சென்ட்ரிங் பிரிக்கலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்): மஞ்சூரைத் தாண்டி ஒரு தேயிலைத் தொழிற்சாலை விரிவாக்கத்தில் சைட் எஞ்சினியராக இருக்கிறேன். படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கீழே காங்கிரீட் கட்டடம், மாடியில் இலை வாட்டும் தளம். பக்கத்திலேயே 18 மீட்டர் அகலத்தில் இரும்பு ஷெட். மாடித் தளத்தின் முதல் பகுதியை ஜனவரி 6 அன்று போட்டோம். எம்25 தரக் காங்கிரீட், பிபிசி (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்ட். பீம் 6.4 மீட்டர், ஸ்லாப் 3.2 மீட்டர். 14 நாளில் பலகை, முட்டு எல்லாவற்றையும் பிரித்து அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகலாம், கோடிலேயே (கட்டட விதிநூலிலேயே) அப்படித்தான் இருக்கிறது என்கிறார் மேஸ்திரி. கோவை லேபுக்கு அனுப்பிய சோதனைக் கியூப் (காங்கிரீட் கட்டி), ஏழாம் நாள் பலம் சதுர மி.மீ.க்கு 19 நியூட்டன் வந்திருக்கிறது. அடுத்தது, ஷெட்டில் ஒரு தூணின் ஃபவுண்டேஷன் போல்ட்டுகள் 18 மி.மீ. விலகிவிட்டன. தூணின் அடியில் உள்ள பேஸ் பிளேட்டின் ஓட்டையை கேஸ் கட்டிங்கில் பெரிதாக்கலாமா? கடைசியாக, பின்பக்கம் மண் வெட்டிய இடத்தில் 4 மீட்டர் தடுப்புச் சுவர் வருகிறது. சுவருக்குப் பின்னால் ஜல்லி வேண்டாம், வெட்டிய மண்ணையே தள்ளிவிடலாம் என்கிறார் கண்ட்ராக்டர். டிசைன் செய்தவர் சென்னையில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. என் பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். இன்று 11-ஆவது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பதிலை முழுதாகப் படித்து முடிக்கும் வரை எந்த முட்டிலும் யாரும் கை வைக்கக் கூடாது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, நீங்கள் கேள்வியாக எழுதாமல் ஓரத்தில் குறித்து வைத்திருந்த வரி: ‘இரவு 6 முதல் 8 டிகிரி, மதியம் 18, 19.’ இதை யாரும் சொல்லி நீங்கள் எழுதவில்லை. விதிநூலைத் திறக்கும் சாவியே இதுதான்.

மேஸ்திரி சொல்லும் 14 நாள் காங்கிரீட்டுக்கான கோடு ஐஎஸ் 456-இல் பிரிவு 11.3.1-இல் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்கான 14 நாள் என்று பாருங்கள். 4.5 மீட்டருக்கு மேல் உள்ள ஸ்லாபின் முட்டுக்கு 14. 6 மீட்டர் வரை உள்ள பீமின் முட்டுக்கு 14. உங்கள் பீம் 6.4 மீட்டர். 6 மீட்டரைத் தாண்டினால் 21. ஆக, கீழ்நாட்டில், நல்ல வெயிலில், மேட்டுப்பாளையத்தில் கட்டியிருந்தாலும் உங்கள் பீமுக்கு 14 நாள் கிடையாது.

இப்போது அந்தப் பட்டியலுக்கு மேலே உள்ள வாக்கியத்துக்கு வாருங்கள். பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் எல்லாரும் வெட்டிவிடும் வாக்கியம் அது. சுற்றுப்புற வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் பயன்படுத்தி, சரியாக க்யூரிங் செய்திருந்தால் (ஈரமாகவே வைத்திருந்தால்) இந்த நாட்கள் பொருந்தும் என்கிறது கோடு. வேறு சிமெண்ட் என்றாலோ, குளிர் அதிகம் என்றாலோ நாட்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் சைட்டில் குளிரும் இருக்கிறது, சிமெண்டும் பிபிசி. இரண்டு நிபந்தனையும் உடைந்துவிட்டது. நிபந்தனை உடைந்த பிறகு பட்டியலில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது.

அப்படியானால் எத்தனை நாள்? காங்கிரீட்டுக்கு நாள்காட்டி தெரியாது. அதற்குத் தெரிந்தது சூடும் நேரமும்தான். இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு, நர்ஸ்–சால் முறை என்பார்கள். காங்கிரீட் இறுகுவது நின்றுபோகும் வெப்பநிலை ஒன்றை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று பெருக்க வேண்டும். அந்த அடிப்படையைச் சிலர் மைனஸ் 10 டிகிரி என்பார்கள், சிலர் 0 என்பார்கள். உங்கள் சராசரியை 12 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். கோடு அனுமதிக்கும் கடைசிக் குளிரான 15 டிகிரியில் 21 நாள் என்றால், மைனஸ் 10 கணக்கில் உங்களுக்கு 24 நாள் வருகிறது, 0 கணக்கில் 26 நாள். இது சாதாரண சிமெண்டுக்கு. பிபிசி ஆரம்பத்தில் இன்னும் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், குளிரில் அந்த மெத்தனம் கூடுதலாகவே தெரியும். அதனால் பீம் முட்டுகளை 28 நாளுக்கு முன் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பிப்ரவரி 3 என்று சுவரில் சாக்பீஸில் எழுதிவிடுங்கள்.

கண்ட்ராக்டருக்குப் பலகை வேண்டும், ஜாக்கி வாடகை ஏறுகிறது. அதுவும் நியாயம்தான். ஸ்லாப் 3.2 மீட்டர்தானே, அதற்குக் கோடில் 7 நாள். அதே கணக்கைப் போட்டால் 8, 9 நாள். பிபிசிக்காகக் கொஞ்சம் சேர்த்து 14 நாளில் ஸ்லாப் தகடுகளை மட்டும் எடுக்க டிசைனரிடம் கேட்கலாம். பீம் அடிப்பலகையும் அதன் முட்டுகளும் அசையாமல் அப்படியே நிற்க வேண்டும். சென்ட்ரிங் அடித்த விதத்தில் அது முடியுமா என்பதை முதலில் பாருங்கள். ஸ்லாப் தகட்டை உருவினால் பீம் பக்கப்பலகையோடு அடிப்பலகையும் கழன்று வருகிற மாதிரி அடித்திருந்தால், இந்தச் சலுகை கிடையாது. முட்டுகளை எடுத்துவிட்டு உடனே திரும்ப வைத்துவிடுகிறேன் என்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் பீம் தன் எடையைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு வைக்கும் முட்டு வெறும் அலங்காரம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், எனக்கு 26 வயதில், இதே மலையின் வேறொரு மூலையில், ஒரு எஸ்டேட் கிடங்குக்கு நாள்காட்டியைப் பார்த்து முட்டுகளைப் பிரிக்கச் சொன்னவன் நான். அதுவும் ஜனவரிதான். சத்தம் எதுவும் வரவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலை பீமின் இரு முனைக்கும் நைலான் நூல் கட்டிப் பார்த்தோம். நடுவில் நூலுக்கும் பீமுக்கும் 17 மி.மீ. வித்தியாசம். அடியில் மயிரிழை போல விரிசல்கள், ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தோம், வளைந்தது வளைந்ததுதான். கடைசியில் அந்தப் பீமுக்கு நடுவில் ஒரு இரும்புத் தூண் வந்தது. கிடங்குக்குள் லாரியைப் பின்னுக்கு எடுக்கும் ஒவ்வொரு டிரைவரும் அந்தத் தூணைத் திட்டிக்கொண்டே எடுத்தார்கள்.

சரி, ‘கியூப் 19 வந்திருக்கிறதே சார்’ என்று கேட்பீர்கள். அந்தக் கியூப் எங்கே இருந்தது? கோவை லேபில், 27 டிகிரி தொட்டியில், சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தது. உங்கள் ஸ்லாப் மஞ்சூரில் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. லேப் கியூப் சொல்வது, நீங்கள் கலந்த கலவை நல்ல கலவையா என்பதை. அதற்கு 19 என்பது மோசமில்லை, 28-ஆம் நாள் வரை காத்திருந்து பார்க்கலாம். ஆனால் மேலே கிடக்கும் ஸ்லாப் இன்றைக்கு எவ்வளவு தாங்கும் என்று அதைக் கேட்டால் அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேறு கியூப் வேண்டும். அதே லோடிலிருந்து எடுத்து, ஸ்லாபின் மேலேயே, அதே ஈரச் சாக்குக்கு அடியில், அதே குளிரில் கிடந்த கியூப். முதல் பகுதிக்கு அப்படி வைக்கவில்லை என்றால் இனி ஒன்றும் செய்ய முடியாது. காங்கிரீட்டைத் தட்டிப் பலத்தை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமர் அடித்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், அது சொல்லும் பலத்தில் 25 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முட்டுகளைப் பிரிக்கும் முடிவை அதன் தலையில் கட்ட முடியாது. அடுத்த பகுதிக்கு ஒவ்வொரு நாள் வார்ப்புக்கும் ஆறு கியூப் கூடுதலாகப் போட்டு சைட்டிலேயே வையுங்கள். 14-ஆம் நாள் மூன்று, தேவைப்பட்டால் 21-ஆம் நாள் மூன்று என்று ஈரச் சாக்கில் சுற்றி அனுப்புங்கள். பிரிக்கும்போது காங்கிரீட்டில் வரப்போகும் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு பலமாவது அதற்கு இருக்க வேண்டும் என்பதுதான் கோடின் உண்மையான விதி. நாட்கள் அதற்கான குறுக்குவழி. சைட் கியூப் அந்த பலத்தைக் காட்டி, டிசைனரும் எழுதிக் கொடுத்தால் 28 நாள் காத்திருக்கத் தேவையில்லை. கண்ட்ராக்டருக்கு நாள் குறைக்க நேர்வழி இது ஒன்றுதான் என்று சொன்னால் கியூப் அச்சை அவரே தூக்கிக்கொண்டு வருவார்.

க்யூரிங் பற்றி ஒரு வரி. பிபிசிக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்கிறது அதே கோடு. மலையில் ஈரம் இருக்கிறது, தானாகவே பதமாக இருக்கும் என்று மூன்றாம் நாளே ஹோஸைச் சுருட்டிவிடுவார்கள். ஜனவரிக் காற்று பகலில் எவ்வளவு உலர்ந்தது என்பது உதடு வெடித்த எவருக்கும் தெரியும். அப்புறம், புகைப்படத்தில் ஸ்லாபின் மூலையில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருப்பது தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன், அறுபதுக்குக் குறையாது. மூன்று டன். இன்றே இறக்குங்கள்.

அடுத்து போல்ட். இதில் ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. நான்கு போல்ட்டும் சேர்ந்து ஒரே பக்கம் 18 மி.மீ. நகர்ந்ததா, இல்லை நாலும் நாலு திசையில் விலகியிருக்கிறதா? காங்கிரீட் போடும்போது போல்ட்டுகளைப் பிடித்துவைக்கும் டெம்ப்ளேட் மொத்தமாக நகர்ந்திருந்தால் போல்ட்டுகளுக்கு இடையிலான அளவு சரியாகவே இருக்கும். அப்போது பேஸ் பிளேட்டில் தூணை 18 மி.மீ. தள்ளிப் பற்றவைத்த புதுப் பிளேட் ஒன்றைச் செய்துகொள்வது எல்லாவற்றிலும் எளிது. பீடத்தில் சுமை கொஞ்சம் ஓரமாக விழும், அதை டிசைனர் பார்த்துக்கொள்வார். ஒரு பிளேட்டின் விலை, அதை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவரும் வாடகை, இரண்டையும் கூட்டினாலும் பெரிய தொகை இல்லை.

நாலும் நாலு பக்கம் என்றால், கேஸ் கட்டிங் ஆசை வரும். 24 மி.மீ. போல்ட்டுக்கு, இரும்புக் கட்டுமானத்துக்கான கோடு ஐஎஸ் 800-இன்படி சாதாரண ஓட்டை 26 மி.மீ. நீங்கள் கேட்பது 44 மி.மீ. நீளப் பொந்து. சாதாரண வாஷர் அதை முழுதாக மூடாது, நட்டு எதைப் பிடிக்கும்? பொந்து தவிர்க்க முடியாது என்று டிசைனர் ஒப்புக்கொண்டால், அதன் மேல் 26 மி.மீ. ஓட்டை போட்ட தடித்த சதுரப் பிளேட்டை வாஷராக வைத்து, தூணை நேர் நிறுத்திய பின் அதைப் பேஸ் பிளேட்டோடு பற்றவைப்பது வழக்கம். பிளேட் எவ்வளவு தடிமன், வெல்டு எவ்வளவு, ஓட்டைக்கும் பிளேட் ஓரத்துக்கும் போதிய இடம் மிஞ்சுமா என்பதெல்லாம் அவர் கணக்கு. பழைய போல்ட்டை வெட்டிவிட்டு ரசாயன ஆங்கர் (துளையிட்டுப் பசையால் ஒட்டும் போல்ட்) போடுவது இன்னொரு வழி. அதற்குப் பீடத்தின் ஓரத்திலிருந்து தூரம் போதுமா என்பதுதான் கேள்வி, சின்னப் பீடத்தில் பெரும்பாலும் போதாது. எதைச் செய்தாலும் போல்ட்டைச் சூடு காட்டி வளைக்க மட்டும் விடாதீர்கள். பைப்பை மாட்டி நெம்புவதும் அதே பாவம்தான். வளைந்த போல்ட்டை இழுத்தால் அது முதலில் நேராகப் பார்க்கும், அதற்குள் பக்கத்துக் காங்கிரீட் உதிர்ந்துவிடும்.

இழுக்கிறது எது என்று யோசித்தீர்களா? இங்கேதான் நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். இணைப்பில் டிசைனின் முதல் பக்கத்தை அனுப்பியிருந்தீர்கள். காற்றுக்கான அடிப்படை வேகம் வினாடிக்கு 39 மீட்டர், சரி. அந்த வேகத்தை இடத்துக்கேற்பத் திருத்தும் கெழுக்களில் கே1 ஒன்று, கே2 ஒன்று, அதுவும் இருக்கட்டும். கே3-யும் 1.0 என்று போட்டிருக்கிறது. காற்றுச் சுமைக்கான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில் கே3 என்பது நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கான கெழு. சரிவு 3 டிகிரிக்குள் இருந்தால் 1. அதற்கு மேல் போனால், மலை முகட்டிலும் சரிவின் உச்சியிலும் 1.36 வரை ஏறும். நீங்கள் அனுப்பிய படத்தில் ஷெட்டின் தென்மேற்கு மூலையில் நின்றால் கீழே தேயிலைச் செடிகளின் தலைதான் தெரிகிறது. 17 டிகிரியைத் தாண்டிய சரிவு போலத்தான் என் கண்ணுக்குப் படுகிறது. ஜூன், ஜூலையில் காற்று ஏறிவரும் திசையும் அதுவே.

வேகம் இரு மடிப் பெருக்காக வருவதால் இந்தச் சின்ன எண் பெரிய வேலை செய்யும். கே3 ஒன்று என்றால் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 913 நியூட்டன். 1.2 என்று எடுத்தாலே 1,314. முழு 1.36 என்றால் 1,688, ஏறத்தாழ இரு மடங்கு. இதை உங்கள் ஒரு தூணுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். தூண்களுக்கு இடையே 6 மீட்டர், பாதி அகலம் 9 மீட்டர், 54 சதுர மீட்டர் கூரை. கூரைக்கு மேலே உறிஞ்சும் காற்றும் உள்ளே புகுந்து தள்ளும் காற்றும் சேர்ந்து கெழு 1.2 என்று வைத்துக்கொள்வோம். தகரம், பர்லின், டிரஸ் எடை சதுர மீட்டருக்கு 25 கிலோ. கே3 ஒன்று என்றால் தூணை மேலே இழுக்கும் விசை சுமார் நாலரை டன். 1.2 என்றால் ஏழு டன்னுக்கு மேல். கோடு அனுமதிக்கும் குறைப்புகளையும் சேர்க்கவில்லை, பாதுகாப்புக் கெழுவையும் சேர்க்கவில்லை. அளவு புரிவதற்காக மட்டும் சொல்கிறேன்.

ஷெட்டின் போல்ட் கட்டடம் சாயாமல் இருக்கத்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தகரக் கூரை ஷெட்டில் அதன் முதல் வேலை கட்டடம் பறக்காமல் பார்த்துக்கொள்வது. நான்கு 24 மி.மீ. போல்ட் ஏழு டன்னை அலட்சியமாகத் தாங்கும், அந்தப் பயம் வேண்டாம். பயம் மற்ற இடங்களில்: பொந்து போட்ட பேஸ் பிளேட் வளையுமா, ஓரத்திலும் மூலையிலும் தகரத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூ போதுமா, அஸ்திவாரத்துக்கும் அதன் மேல் மண்ணுக்கும் ஏழு டன்னைக் கீழே பிடித்துவைக்கும் எடை இருக்கிறதா. கூரை கிளம்புவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். அதோடு இலை வாட்டும் தளத்தில் விசிறிக்கும் ஜன்னலுக்குமாகச் சுவரில் எவ்வளவு திறப்பு இருக்கிறது என்றும் பாருங்கள். திறப்பு 5 சதவீதத்துக்குள் என்றால் உள்காற்றுக் கெழு 0.2, 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7. தேயிலைத் தொழிற்சாலையில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கும் என்று கணக்குப் போட்டவர் அங்கே ஒரு நாளும் வேலை செய்திருக்க மாட்டார்.

டிசைனர் தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. சைட் படத்தையே பார்க்காமல் சர்வே எண்ணை மட்டும் வைத்து டிசைன் செய்திருக்கலாம். அப்படிச் செய்ய வைத்தது யார் என்பது வேறு கதை.

தடுப்புச் சுவருக்கு வருவோம். இதில் கண்ட்ராக்டர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜல்லி ஒவ்வொரு லோடும் நாற்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக் கெத்தை வழியாக ஏற வேண்டும், இல்லையென்றால் குன்னூர், ஊட்டி சுற்றி வர வேண்டும். வெட்டிய மண்ணோ அங்கேயே மலை போலக் கிடக்கிறது, அதை அப்புறப்படுத்தவும் செலவு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று பார்க்கிறார்.

அந்த மாங்காய் எவ்வளவு கனம் என்று சொல்கிறேன். 4 மீட்டர் சுவர், பின்னால் தண்ணீர் வடிந்துபோகும் நல்ல நிரப்பு. ஒரு மீட்டர் நீளச் சுவரை மண் தள்ளுவது சுமார் 48 கிலோநியூட்டன், அதாவது ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் டிராயிங்கில் சுவரின் அடிப்பகுதியைப் பார்த்தால் ஏறக்குறைய அந்த எண்ணுக்குத்தான் போட்டிருக்கிறார். இப்போது நிரப்பு களி கலந்த செம்மண், சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டன, மழை நீர் மேல்மட்டம் வரை நிற்கிறது என்று வையுங்கள். தண்ணீர் மட்டுமே 78 கிலோநியூட்டன் தள்ளும். நனைந்த மண் இன்னொரு 25. மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது. அதே சுவர், அதே கம்பி, இரண்டு பங்குக்கு மேல் தள்ளு. தண்ணீருக்கு உராய்வு என்ற ஒன்று கிடையாது, அது யாருக்கும் தள்ளுபடி தராது.

மேல்மட்டம் வரை தண்ணீர் எங்கே நிற்கப்போகிறது என்பார். உங்கள் பக்கத்து ஊர்தான் அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் 8-இல் அங்கே ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. சென்னைக்காரர் ஒருவருக்கு இதைச் சொன்னால் மில்லிமீட்டரைத் தவறாகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை உங்கள் மேஸ்திரியே பார்த்திருப்பார், அவர் உள்ளூர்க்காரர் என்றால்.

அதனால் சுவரை ஒட்டி முக்கால் அடியாவது, முடிந்தால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் ஜியோ துணி, அடியில் ஓட்டை போட்ட பைப். சுவர்த் துளைகளுக்கு 100 மி.மீ. பைப்பை வெளிப்பக்கம் சாய்வாக வையுங்கள், உள்முனையில் ஜல்லி இருக்கட்டும், வெறும் மண் வேண்டாம். காங்கிரீட் போட்ட பிறகு ஒவ்வொரு பைப்பிலும் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். பாதியில் சிமெண்ட் பால் அடைத்திருப்பது நான் பார்த்த சுவர்களில் சர்வ சாதாரணம். சுவரின் தலைமேல், சரிவிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோக ஒரு வாய்க்கால். ஜல்லிச் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஜல்லிக்குப் பின்னால் உள்ள மீதி இடத்துக்கு வெட்டிய மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கலாம். கண்ட்ராக்டருக்குப் பாதி மாங்காய் கிடைத்த மாதிரி. மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐஎஸ் 14458 பல பாகங்களாக இருக்கிறது, முதல் பாகத்தையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துவிடுங்கள். வெட்டியது எத்தனை மீட்டர், அனுமதி எத்தனை மீட்டர், பொக்லைன் ஓட்ட அனுமதிக் கடிதம் சைட் ஃபைலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் அதை யாராவது வந்து கேட்பார்கள்.

படங்களில் கண்ணில் பட்ட இன்னும் இரண்டு. தூண் ரிங்கின் கொக்கி 90 டிகிரியில் மடிந்திருக்கிறது. நீலகிரி நிலநடுக்க மண்டலம் 3-இல் வருகிறது, நிலநடுக்கத்துக்கான கம்பி விதிகள் உள்ள ஐஎஸ் 13920 பொருந்தும், கொக்கி 135 டிகிரியில் உள்பக்கம் திரும்ப வேண்டும். கம்பி கட்டுபவரிடம் ஒன்றை மடித்துக் காட்டி அதை மாதிரியாக ஆணியில் மாட்டிவிடுங்கள், சொல்வதைவிட அது வேகமாக வேலை செய்யும். இரண்டாவது, 12 மீட்டர் கம்பியை லாரிக்காக நடுவில் மடித்துக் கொண்டுவந்து திரும்ப நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்த மடிப்பு விழுந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு லாப் கொடுங்கள் (ஒரு கம்பியோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டும் நீளம்). எம்25 காங்கிரீட்டுக்கும் எஃப்இ500 கம்பிக்கும் லாப் கம்பித் தடிமனைப் போல் 49 மடங்கு, 16 மி.மீ. கம்பிக்கு 785 மி.மீ. எந்த இடத்தில் லாப் என்று டிராயிங்கில் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

இனி அந்த போன் எடுக்காத மனிதர். இதுவரை நான் எழுதியதைக் காட்டி ‘குன்னூரில் ஒரு சார் சொன்னார்’ என்று ஒரு வேலையும் செய்யாதீர்கள். நான் உங்கள் சைட்டைப் பார்க்கவில்லை, டிராயிங்கில் கையெழுத்தும் போடவில்லை. முடிவு கையெழுத்துப் போட்டவருடையது. போனில் கேட்டால் போனிலேயே பதில் வரும், பிரச்சினை வந்தால் அப்படிச் சொல்லவே இல்லை என்றும் வரும். மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு கேள்விக்கு ஒரு மின்னஞ்சல். டிராயிங் எண், எந்தத் தூண், டேப் வைத்து எடுத்த படம், அளந்த எண், உங்களுக்குத் தோன்றும் இரண்டு வழிகள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், அதுவரை எந்த வேலையை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பிரதியில் முதலாளியைச் சேருங்கள். ‘ஷெட் வேலை பதிலுக்காக நிற்கிறது’ என்ற வரியை முதலாளி படித்துவிட்டால், சென்னையில் போன் தானாக எடுக்கப்படும். கே3 பற்றிய மின்னஞ்சலில் மட்டும் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ‘சைட் சரிவின் விளிம்பில் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன், கே3-ஐ ஒருமுறை பார்த்து உறுதி செய்ய முடியுமா சார்’ என்று கேளுங்கள், போதும்.

இரண்டாம் பகுதி ஸ்லாபுக்குக் கியூப் அச்சு பற்றாது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஆறு கியூப் அச்சு சும்மா கிடக்கிறது. அதற்குள் குன்னூர் பக்கம் வரும் வண்டி ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள், தருகிறேன். திருப்பித் தரும்போது கழுவி, எண்ணெய் பூசிக் கொடுங்கள்.